மண்மதிலைப் படித்த மார்ட்டிமர் வீலர்

ஆவுடையார்கோவிலின் கற்சிற்பங்களைக் கண்டு வியவாதார் இலர். ஆயின் அதே புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையின் பழைய மண்மதிலை நின்று நோக்குவார் சிலரே. கல்லெழுத்துத் தன் காலத்தைத் தானே உணர்த்தும். எழுத்தில்லா மண்மேட்டின் காலத்தை அறிவது எங்ஙனம்? அவ்வழியை நம் நாட்டவர்க்குப் பயிற்றியவருள் தலையாயவர் ஸர் மார்ட்டிமர் வீலர்.

அன்னார் 1890-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். முதல் உலகப் போரிற் பீரங்கிப் படையிலிருந்து மீண்டபின் தொல்பொருளாராய்ச்சியையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். தென் இங்கிலாந்தின் வெண்சுண்ண மேட்டுநிலங்களில், வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் எல்லை குறித்து வெட்டிய அகழிகளும் எழுப்பிய மண்கரைகளும் பலவுள. அந்நிலத்து மெய்டன் காஸில் என்னும் பெரிய மண்கோட்டையை 1934 முதல் 1937 வரை அகழ்ந்தார். உடன் உழைத்த மனைவியார் டெஸ்ஸா 1936-இல் காலமானார். துயரிடையும் பணி நின்றிலது.

அவர் கையாண்ட முறை எளிது. நிலத்தைச் சதுரங்களாக வகுத்து, இடையே வரப்புப்போல் மண்சுவர் விட்டுத் தோண்டுவர். சுவரிலே மண்ணடுக்குகள் தெளிவாகத் தோன்றும். கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. கரையின் அடியிற் கிடக்கும் ஓடு கரையினும் முந்தியது.

1944-இல் இந்தியத் தொல்பொருள் துறைக்குத் தலைவரானார். சென்னை அரும்பொருட்சாலையில் மேனாட்டு மதுச்சாடியின் துண்டொன்றைக் கண்டு, அதன் வழியே புதுச்சேரிக்கு அணித்தான அரிக்கமேட்டை அடைந்து, 1945-இல் அகழ்ந்தார். காலம் தெரிந்த இத்தாலியக் கலங்களோடு நம் நாட்டுக் கலங்களும் கிடைத்தன. தென்னாட்டுப் பழம்பொருள்களின் காலத்தைக் கணிக்க அன்று ஓர் உறுதியான அளவுகோல் வாய்த்தது.

ஆயினும் அவர் புனைந்த கதைகள் யாவும் நிலைபெறவில்லை. ஹரப்பா நாகரிகத்தை அயலார் படையெடுத்து அழித்தனர் என்ற அவர் கூற்றைப் பின்வந்தோர் ஏற்றிலர். அரிக்கமேட்டை 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்தோர், உரோம வாணிபத்துக்கு முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தமையைக் காட்டினர். அவர் பிழையைத் திருத்தியதும் அவர் வற்புறுத்திய மண்ணடுக்கே. தம்மை மறுக்கும் கருவியையும் பிறர் கையில் அளித்துச் செல்வதன்றோ மெய்யான புலமை!

வீலர் 1976-இல் மறைந்தார். 2023-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை பொற்பனைக்கோட்டையில் அகழாய்வைத் தொடங்கியது. மாணவ நண்பர்காள்! ஊர்ப்புறத்து மண்மேட்டை வீணே வெட்டிக் கரைப்பாரைக் காணின் தடுத்துரைமின். கலைந்த அடுக்கை மீண்டும் படிப்பார் எவருமிலர்.