அகராதி தந்த கிட்டல்

பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர்களுள் கிட்டல் என்னும் பெயரைக் கேளாதவர் சிலரே இருப்பர். கன்னட நண்பரிடம் அகராதி என்று சொன்னால், அவர் வாயில் முதலில் வருவது அப்பெயர்தான். மகாத்மா காந்தி சாலையில் அவருக்குச் சிலையும் எடுத்தனர். ஆயினும் அந்தப் பெரும்பணிக்குப் பின்னால், துயரத்தில் பிறந்த ஒரு திருமணம் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

ஃபெர்டினாண்டு கிட்டல் 1832-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வடகடற்கரைப் பகுதியில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் பாசல் மிஷன் கல்லூரியில் பயின்றார். 1853-இல் கன்னட நாட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நம்முள் பலருடைய வயதுதான்! மங்களூரிலும் தார்வாரிலும் குடகு மலையில் மடிக்கேரியிலும் உழைத்தார். மக்களோடு மக்களாக வாழ விரும்பினார். பண்டிதர்களிடம் பழங்கன்னடம் கற்றார்.

அந்நாளில் பாசல் மிஷன் ஊழியர் நினைத்தவுடன் மணம் செய்துகொள்ள முடியாது. தனியாகவே கப்பலேற வேண்டும். சில ஆண்டுகள் பணிபுரிந்த பின்னரே மணம் செய்ய அனுமதி கேட்கலாம். பெண் இன்னார் என்பதற்கும் தலைமைக் குழுவின் இசைவு வேண்டும். முன்பின் பார்த்திராத மணமகனை நம்பிக் கடல் கடந்து வந்த மங்கையர் பலர். சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்படுமுன் அப்பயணம் எத்தகையதென்று எண்ணிப் பாருங்கள். வந்த இடத்திலோ காய்ச்சலும் வயிற்றுநோயும் காத்திருந்தன. துணையை இழந்தவர் மறுமணம் செய்துகொள்வது அங்கே ஆசைக்காக அன்று. வீடு நடக்க வேண்டும், பணி நடக்க வேண்டும் என்பதற்காக. 1843-இல் முதல் கன்னட இதழைத் தொடங்கிய மெக்ளிங், தம் நண்பர் வைகிள் மறைந்தபின் அவருடைய கைம்பெண்ணையே மணந்தார்.

கிட்டலுக்கும் அந்நிலை வந்தது. 1860-இல் பாலின் ஐத் என்னும் பெண்ணை மணந்தார். நான்கே ஆண்டுகளில், 1864-இல், பாலின் மறைந்தார். தாயில்லாப் பிள்ளைகளோடு கிட்டல் தனித்து நின்றார். சில ஆண்டுகள் சென்றபின், பாலினின் தங்கை ஜூலி அவருக்கு வாழ்க்கைத் துணையானார். ஒருவர் மனைவியை இழந்தவர். மற்றவர் அக்காளை இழந்தவர். இருவரையும் இணைத்தது ஒரே இழப்பு.

இம்மணத்தை இங்கிலாந்தின் சட்டம் ஏற்றிருக்காது. இறந்த மனைவியின் தங்கையை மணக்க அங்கே 1907-இல்தான் வழி பிறந்தது. நமக்கோ இது புதிதன்று. அக்காள் போனால் தங்கையைக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். குழந்தைகளுக்காக என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அந்தத் தங்கை எதைத் துறந்து வருகிறாள் என்று கேட்கிறோமா?

அவ்வில்லத்தின் துணையோடு கிட்டலின் பணி வளர்ந்தது. கேசிராசனின் சப்தமணிதர்ப்பணத்தைப் பதிப்பித்தார். நாகவர்மனின் சந்தோம்புதியை 1875-இல் வெளியிட்டார். 1894-இல் ஏறத்தாழ எழுபதினாயிரம் சொற்கள் கொண்ட கன்னட-ஆங்கில அகராதி மங்களூரில் அச்சாகி வெளிவந்தது. அதைப் புரட்டுங்கள். கன்னடச் சொற்களின் அருகே அவற்றின் தமிழ், தெலுங்கு, மலையாள உறவுச் சொற்கள் நிற்கும். மொழிகள் உடன்பிறந்தவை என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். 1896-இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1903-இல் அந்நகரிலேயே கண்மூடினார்.

அகராதியின் முகப்பில் ஒரு பெயர்தான் உண்டு. அது முறையே. எனினும் நண்பர்களே, அந்நூலைக் கையில் எடுக்கும்போது, அயல்நாட்டு வாழ்வுக்குத் தன் உயிரைக் கொடுத்த அக்காளையும், அவள் விட்டுச்சென்ற சுமையைத் தோளில் ஏற்ற தங்கையையும் ஒரு கணம் நினைப்போம். கடமையில் தொடங்கிய மணமும் ஒரு மொழிக்குப் பயன்பட்டது. அப்பயனில் அவ்விரு பெண்களுக்கும் பங்குண்டு.