கப்பல் போயிற்று, கட்டுப்பாடு போகவில்லை

சம்பளம் தந்த கப்பலே மூழ்கிவிட்டால், மாலுமி யாருக்குக் கட்டுப்பட்டவன்? 1915-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, தென்துருவக் கடலில் மிதந்த ஒரு பனிப் பாளத்தின் மீது, மக்நிஷ் என்ற தச்சர் இந்தக் கேள்வியைக் கிளப்பினார். அங்கே இருந்தவர்கள் 28 பேர். பதில் கூற வேண்டியவர், அவர்களுடைய தலைவர் ஸர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

ஷாக்கிள்டன் 1874-ல் அயர்லாந்தில் பிறந்தார். பதினாறாவது வயதில் வர்த்தகக் கப்பலில் சேர்ந்தார். 1909-ல் தென்துருவத்துக்கு 97 கடல் மைல் தூரம்வரை நெருங்கியும், உணவு போதாதென்று கண்டு, உடன்வந்த மூவரின் உயிரைக் கருதித் திரும்பிவிட்டார்.

தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் நோக்கத்துடன் 1914-ல் மறுபடி புறப்பட்டார். 1915 ஜனவரியில் அவருடைய 'எண்டூரன்ஸ்' கப்பல் வெட்டல் கடலின் பனியில் சிக்கிக்கொண்டது.

முறைவேலை

வேலையின்றி அடைபட்டுக் கிடக்கும் சிறு கூட்டத்தில் சண்டை மூள அதிக நேரம் ஆகாது. ஆகவே ஷாக்கிள்டன் யாரையும் சும்மா இருக்க விடவில்லை. விஞ்ஞானிகளும் முறைபோட்டுத் தரை கழுவினார்கள். நாய்களைப் பழக்கும் பொறுப்பு சிலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

அக்டோபரில் பனி கப்பலை நசுக்கியது. எல்லோரும் கூடாரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நல்ல ரோமத்தோல் படுக்கைப் பைகள் 18 தான் இருந்தன. சீட்டுப் போட்டார்கள். சாதாரணக் கம்பளிப் பைகள் தலைவருக்கும் அதிகாரிகளுக்குமே விழுந்தன! சீட்டில் நடந்த சூது கடைநிலை மாலுமிகளுக்குப் புரிந்தது. அது தங்கள் நன்மைக்காகவே என்பதும் புரிந்தது. முணுமுணுக்கக் கூடியவர்கள் என்று தோன்றியவர்களைத் தம்முடைய கூடாரத்திலேயே தங்கவைத்து, ஆலோசனையும் கேட்டு வந்தார்.

தச்சரின் மறுப்பு

பனியின்மேல் படகுகளை இழுத்துச் சென்று அலுத்த நிலையில்தான் மக்நிஷ் மறுத்தார். கப்பல் அழிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது என்பது அவர் வாதம். அக்காலக் கடல் வழக்கப்படி அது அடியோடு ஆதாரமற்ற வாதமல்ல. ஷாக்கிள்டன் அனைவரையும் கூட்டி, ஒப்பந்தத்தை உரக்கப் படித்தார். துறைமுகம் சேரும்வரை கடமையும் உண்டு, சம்பளமும் உண்டு என்று அறிவித்தார். தச்சர் பக்கம் ஒருவரும் சேரவில்லை. அவரும் பணிந்தார். ஆனால் இரண்டொரு நாளில் படகு இழுப்பதே கைவிடப்பட்டது!

1916 ஏப்ரலில் அவர்கள் எலிபண்ட் தீவை அடைந்தார்கள். உதவி தேடி, சுமார் 800 கடல் மைல் தூரத்திலிருந்த தென் ஜார்ஜியாவுக்குச் சிறு படகில் செல்ல ஷாக்கிள்டன் ஐவரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் மக்நிஷும் ஒருவர். அவருடைய கைத்திறன் தேவை. அதிருப்தியுள்ளவரைத் தீவில் விட்டுச் செல்லவும் தலைவருக்கு மனமில்லை. படகின் பக்கங்களை உயர்த்தி, கான்வாஸ் மூடி, கொந்தளிக்கும் கடலுக்குத் தகுதியாக்கியவர் அந்தத் தச்சரே.

தீவில் எஞ்சிய 22 பேருக்கு பிராங்க் வைல்ட் தலைவர். கவிழ்த்த இரு படகுகளே வீடு. தலைவர் இன்றே வரலாம், மூட்டை கட்டுங்கள் என்று வைல்ட் காலைதோறும் கட்டளையிடுவார். நான்கு மாதத்துக்கு மேல் அந்தக் கட்டளை ஓயவில்லை. மூன்று முயற்சிகள் தோற்று, நான்காவது முறை, ஆகஸ்டு 30-ந் தேதி, ஷாக்கிள்டன் சிலி நாட்டுக் கப்பலில் வந்து சேர்ந்தார். 22 பேரும் உயிரோடிருந்தார்கள்.

ஆனால் கணக்கு அத்துடன் தீரவில்லை. துருவப் பதக்கம் வழங்கப்பட்டபோது நால்வருக்கு மறுக்கப்பட்டது. மக்நிஷ் அவர்களில் ஒருவர். படகைச் செப்பனிட்ட கை மறந்துபோயிற்று. ஒரு நாள் மறுத்த வாய் மட்டும் நினைவில் நின்றது. 1930-ல் அவர் நியூஜிலாந்தில் வறுமையில் இறந்தார்.

ஷாக்கிள்டன் அவருக்கு முன்பே, 1922 ஜனவரியில், தென் ஜார்ஜியாவில் மாரடைப்பால் காலமானார். 'எண்டூரன்ஸ்' 2022-ல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கப்பல் மூழ்கிய பின்னும் 28 பேரை ஒரே குழுவாக நிறுத்தியவை முறைவேலையும் சம பங்கும்தான். குழுவைக் காக்கும் அதே கட்டுப்பாடு, எதிர்த்துக் கேட்ட ஒருவரை மன்னிக்க மறந்ததும் அந்தச் சரித்திரத்தில் ஒரு பகுதியே.