கொல்லர் மகனும் மெழுகுவத்தியும்

மைக்கேல் பாரடே என்றதும் நம்மில் பௌதிகம் படிப்பவர்களுக்கு ஒரு சமன்பாடு நினைவுக்கு வரும். தேர்வுக்கு முதல் நாள் இரவு அதை உருப்போடாதவர் யார்? ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுதியவர் பாரடே அல்லர். அவருக்கு உயர்கணிதம் தெரியாது. அவர் கண்டதைக் கணித மொழியில் வடித்துக் கொடுத்தவர்கள் மாக்ஸ்வெல் முதலிய அறிஞர்கள். அப்படியானால் அவர் எதைக் கொண்டு கற்றார்? கற்றதை எதைக் கொண்டு பிறருக்குக் கற்பித்தார்? இவ்விரண்டையும் பற்றியே நான் எழுத நினைக்கிறேன். அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியல் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும்.

1791 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் லண்டனின் தென்பகுதியில் அவர் பிறந்தார். தந்தை கொல்லர்; அடிக்கடி நோயில் விழுபவர். 1801 இல் தானிய விலை ஏறியபோது, பையனுக்கு வாரம் ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார்களாம். எழுத்தும் படிப்பும் கொஞ்சம் கணக்கும் வந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 1804 இல் ரீபோ என்ற புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடி வேலை. மறு ஆண்டு அங்கேயே பைண்டர் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தம்.

பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் பையன் படித்தான். அவற்றில் ஒன்று, ஜேன் மார்செட் என்ற அம்மையார் ரசாயனத்தை உரையாடலாக எழுதிய நூல். அந்த அம்மையாரைப் பற்றிச் சற்று நின்று சொல்லத்தான் வேண்டும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி செய்த சொற்பொழிவுகளை அவர் கேட்டார். முதலில் பிடிபடவில்லை. தெரிந்தவர்களோடு பேசிப் பார்த்தும், சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தும் புரிந்துகொண்டார். தம்மைப்போல் திகைத்து நிற்பவர்களுக்காக, ஓர் ஆசிரியையும் இரு சிறுமியரும் பேசிக்கொள்வதுபோல் எழுதினார். முதற்பதிப்புகளில் அவர் பெயர்கூட இல்லை. அந்த நூல் சொன்னது உண்மைதானா என்று, தன் கையிலிருந்த சில்லறைக் காசுக்கு எட்டிய சோதனைகளைச் செய்து பார்த்தான் பைண்டர் பையன். சொன்னபடியே நடந்தது. பின்னாளில் புகழ்பெற்ற பிறகும் பாரடே தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு அனுப்பி வந்தார்.

மாலை நேரச் சொற்பொழிவுகளுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் தமையன் ராபர்ட், அவரும் கொல்லரே. 1812 இல் கடைக்கு வரும் ஒருவர் டேவியின் சொற்பொழிவுகளுக்குச் சீட்டு வாங்கித் தந்தார். நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார் பாரடே. 1813 மார்ச்சில் டேவியின் சோதனைச்சாலையில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியின் பேச்சு மார்செட்டின் நூலாயிற்று. அந்த நூலில் பாடம் கற்ற பையன் டேவியின் வாசலிலேயே வந்து நின்றான்!

பிறகு நடந்தவை தெரிந்தவையே. 1821 இல், பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுழன்றது. 1831 ஆகஸ்டு 29 இல், இரும்பு வளையத்தில் சுற்றிய ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கியதும் மறு சுருளில் முள் அசைந்தது. அக்டோபர் 17 இல், காந்தத்தை வெறும் கம்பிச் சுருளுக்குள் தள்ளியே மின்சாரம் எடுத்தார். இன்று நம் விடுதியில் விளக்கு எரிவது அந்தத் தத்துவத்தால்தான். விளக்கு அணைவதற்கு மின்வாரியமே பொறுப்பு.

1825 இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது ஆண்டுகளின் சொற்பொழிவு வரிசைகளைப் பாரடேயே நிகழ்த்தினார். பேச்சு அவருக்கு இயல்பாக வந்துவிடவில்லை. ஆசிரியர் ஒருவரிடம் பேச்சுப் பயிற்சி பெற்றார். வேகம் கூடினால் எச்சரிக்க, நிதானம் என்று எழுதிய அட்டையைத் தம் முன் வைக்கச் செய்தார். நம் பேராசிரியர்கள் சிலருக்கும் அப்படி ஓர் அட்டை அச்சடித்துத் தரலாம்.

1848 இலும், மீண்டும் 1860 இலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. ஆறு சொற்பொழிவுகளும் அதைப் பற்றியே. அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். ஆகவே எரிவது மெழுகின் ஆவி. சுடருக்கு மேல் குளிர்ந்த பாத்திரம் பிடித்தால் நீர்த்துளி படியும். மெழுகிலுள்ள ஹைடிரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடியதால் வந்த நீர் அது. சுடரிலிருந்து வரும் காற்று தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும். நம் மூச்சும் அப்படியே செய்யும். உணவும் நமக்குள் ஒரு வகையில் எரிகிறது. அதிலிருந்தே உடலுக்குச் சூடும் சக்தியும்.

அரங்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். 1855 இல் இளவரசரே வந்தார். கொல்லர் பிள்ளைகளுக்கு அங்கே இடம் ஏது? ஆனால் 1861 இல் வில்லியம் குரூக்ஸ் அச்சேற்றிய அந்தச் சொற்பொழிவு நூல் அரங்கின் கதவைத் திறந்துவிட்டது. தேவையான கருவியோ மளிகைக் கடையிலேயே கிடைப்பது.

நம் சங்கத்தார் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறோம். அவர்கள் படிக்கும் பள்ளியில் அறிவியல் பெட்டி உண்டு. உடைந்துவிடும் என்ற அச்சத்தால் பூட்டியே கிடக்கிறது. நான் மெழுகுவத்தியும் வெற்றிலைச் சுண்ணாம்பும் கொண்டுபோனேன். குளிர்ந்த டம்ளரைச் சுடருக்கு மேல் கவிழ்த்துப் பனித்ததைக் காட்டியதும் ஒரு பையன் எழுந்தான். “அண்ணா, குளிர்ந்த டம்ளர் சும்மா இருந்தாலே வேர்க்குமே!” என்றான். இரண்டாவது டம்ளரைத் துடைத்துத் தள்ளி வைத்தோம். அது காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் அவன் ஒப்புக்கொண்டான். பாரடே இருந்திருந்தால் அவனை முன்வரிசையில் உட்கார வைத்திருப்பார்.

ஏனெனில் கேட்டதை அப்படியே நம்புவது அவருக்குப் பிடிக்காது. 1853 இல் ஆவிகள் மேசையை நகர்த்துவதாக இங்கிலாந்தில் கற்றோரும் நம்பியபோது, உருளைகள் வைத்த பலகை ஒன்றைச் செய்து, கைகளே அறியாமல் தள்ளுகின்றன என்று காட்டினார். 1862 இல் பள்ளிகளை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன் சென்று, சிறுவருக்கு இயற்கை அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார்.

சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமையையும் ஏற்கவில்லை. 1867 ஆகஸ்டு 25 இல் காலமானார். பெரியோர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அல்லாமல், லண்டன் ஹைகேட் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அங்குள்ள கல்லில் அவர் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன.