யானை வேட்டை மேஜர் ரொஜர்ஸ்

ஆண்டு மலர் என்றால் அதிலே ஒரு பெரியாரின் சரிதம் இடம்பெறுவது வழக்கம். அருளாளரும் தொண்டரும் அலங்கரிக்கும் அந்தப் பக்கத்தில் இம்முறை நாம் எழுதப் புகுவதோ ஒரு வேட்டைக்காரரின் வரலாறு. பெரியோர் முகஞ் சுளிக்க வேண்டாம். ஜீவகாருணியத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். வாயில்லாப் பிராணிகளுக்குக் கொடுமை செய்பவன் யார் என்று கேட்டாலோ, கசாப்புக் கடைக்காரனையும் குடிகார வண்டிக்காரனையும் சுட்டிக் காட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். அந்த விடை போதுமா என்று நமக்குள் எழுந்த ஐயமே இச்சரிதத்தை எழுதத் தூண்டிற்று.

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, பெலிகுல் ஓயா வழியாகப் பதுளைக்குப் பஸ்ஸிலே போனவர்கள் அப்புத்தளை ஏற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். நமது சப்பிரகமுவைத் தோட்டங்கள் கீழே தங்கிவிட, ஊவாவின் மலைச்சுவர் திடீரென எழுந்து நிற்கும் இடம் அது. அந்த உச்சியிலே 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி மின்னல் தாக்கி ஒரு துரை மாண்டார். அவர்தாம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருந்தது.

இலங்கைத் துப்பாக்கிப் படையில் அதிகாரியாயிருந்த ரொஜர்ஸ், பதுளையிலே படைத்தலைவர், உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி ஆகிய பதவிகளையெல்லாம் ஒருவராகவே வகித்தார். வரி வாங்குவதும் அவர். வழக்குத் தீர்ப்பதும் அவர். மலையிலே றோட்டு வெட்டுவிப்பதும் அவரே. காடழித்துக் கோப்பிச் செடி நாட்டத் தொடங்கிய காலம் அது. நமது முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுப் பாதையிலே நடந்து, வழியிலே பலரை இழந்து மலையேறிய காலமும் அதுவே. நல்ல நிர்வாகி என்றும், வெள்ளையரும் சுதேசிகளும் ஒருங்கே மதித்த மனிதர் என்றும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பதுளையிலுள்ள சென் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதாகும்.

இனி அவருடைய மற்றக் கணக்கைப் பார்ப்போம். ரொஜர்ஸ் கொன்ற யானைகள் 1400க்கு மேல். இத்தொகையைத் தமது நூலிலே குறித்தவர், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்ஸன் டெனன்ட். நூல் வெளிவந்தது 1859இல். ரொஜர்ஸ் இருபதாண்டுகள் வேட்டையாடினார் என்று வைத்துக்கொண்டாலுங்கூட, ஆண்டுக்கு எழுபது யானைகள் ஆகின்றன. வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல். நமது பொதுக்கூட்டங்களைக்கூட நாம் அவ்வளவு ஒழுங்காக நடத்துவதில்லை!

தந்தத்துக்காகத்தானே கொன்றார் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். இலங்கை யானையின் இயல்பை அறிந்தவர் அப்படிச் சொல்லார். இங்கே பெண் யானைக்குக் கொம்பில்லை. ஆண் யானைகளிலும் பெரும்பாலானவை அலியன்களே. கொம்பன் மிக அரிது. 1844இல் பிரஷ்ய இளவரசர் வல்டெமாருடன் இலங்கைக்கு வந்த வைத்தியர் ஹொப்மைஸ்டர், ரொஜர்ஸின் வீடு முழுவதும் தந்தங்கள் நிறைந்திருந்ததை வியந்து எழுதினார். ஆனால் கொன்ற அத்தனை யானைகளிலும் கொம்பன்கள் அறுபதுக்குச் சற்று மேல்தான் என்பதும் அவர் தரும் செய்தியே. எஞ்சிய ஆயிரத்து முந்நூறும் எதற்காக விழுந்தன? இறைச்சிக்காகவா? தோலுக்காகவா? இல்லை. அவை விழுந்த இடத்திலேயே அழுகின. பசியோ பண ஆசையோ அல்ல, பொழுதுபோக்கே காரணம். ஒரு தடவை யானையொன்றின் பிடியிலே அகப்பட்டு எலும்பு முறிந்து உயிர் தப்பினாராம். தேறி எழுந்ததும் மீண்டும் துப்பாக்கியை எடுத்தார்.

ரொஜர்ஸ் ஒருவரே இப்படிப்பட்டவர் என்றால், ஒரு விபரீத மனிதர் என்று ஒதுக்கிவிடலாம். டெனன்டின் பட்டியல் அங்கே முடியவில்லை. கப்டன் கல்வே என்பவர் ரொஜர்ஸ் கொன்றதில் பாதிக்கு மேல் கொன்றார். றோட்டுகளின் அதிபரான மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அவ்வளவு கொன்றார். அரசாங்கமோ யானைத் தலைக்குச் சில ஷில்லிங் வீதம் வெகுமதி கொடுத்தது. அதன் பயனாக 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 யானைகளும், 1851க்கும் 1856க்கும் இடையிலே தென்மாகாணத்தில் 2000க்கு மேற்பட்ட யானைகளும் மடிந்தன. வெகுமதி வாங்கியவர்களிலே பெரும்பாலானோர் நம் நாட்டவர்களே. துரைமாருக்குத் தடம் காட்டியவர்களும், அடுத்த துப்பாக்கியைச் சுமந்து நின்றவர்களும் ஏழைக் கிராமவாசிகளே. ஒரே இரவிலே வயலை இழந்த கமக்காரனுக்கு யானை தெய்வமாகத் தோன்றாது என்பதையும் நாம் மறைக்கக்கூடாது.

மின்னல் தாக்கிய நாளைப் பற்றிப் பரம்பரையாக வழங்கும் கதையொன்றுண்டு. அப்புத்தளையிலே பிரயாணிகள் தங்கும் மண்டபத்தில் ரொஜர்ஸும் வேறு சிலரும் புயலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். இடி முழக்கம் தணிந்தது போலிருக்கவே அவர் விறாந்தைக்கு வந்து வானத்தைப் பார்த்து, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னாராம். அக்கணமே மின்னல் பாய்ந்தது. உடலை நுவரெலியாவிலே அடக்கம் செய்தார்கள். கொல்ப் மைதானத்தின் ஓரத்திலே அந்தச் சமாதி இருக்கிறது. அதன் கல்லையும் மின்னல் தாக்கிப் பிளந்தது என்று மலைநாட்டிலே சொல்லாதவரில்லை.

எமது பாட்டியாருக்கு இது கர்மபலன் என்பதில் ஐயமேயில்லை. நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கேயும் ஓர் ஆசிரியர் இதே கதையைச் சொல்லி, கடவுளின் தண்டனை என்று முடித்தார். இரு சமயத்தவரும் ஒத்துப்போகும் விடயங்கள் சிலவே; அவற்றுள் இது ஒன்று. ஆனால் பெரியோர் மன்னிக்க வேண்டும். நமக்கு இதிலே மனம் ஒப்பவில்லை. நூற்றுக்கணக்கில் யானைகளைக் கொன்ற ஸ்கின்னர் எழுபது வயதும் கடந்து 1877இலேதான் இறந்தார். நுவரெலியாவிலே இருந்து வேட்டையாடி அதைப் புத்தகமாகவும் எழுதிய சாமுவேல் பேக்கர் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ச் சேர் பட்டமும் பெற்று 1893 வரை வாழ்ந்தார். மின்னலுக்குக் கணக்கு வழக்குத் தெரியாது. மின்னல் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட்டால் அடுத்த 1400ஐ யார் தடுப்பது?

சட்டம் வந்தது, மிகத் தாமதமாக. யானை, எருமை முதலியவற்றை வீணாக அழிப்பதைத் தடுக்கும் சட்டம் 1891இலும், மிருகவதைத் தடைச் சட்டம் 1907இலும் பிறந்தன. பின்னைய சட்டத்தில் விதிக்கக்கூடிய அபராதம் 100 ரூபாய்க்கு மேற்படாது. அச்சட்டத்தின் பிடியிலே எளிதில் அகப்படுபவன், கழுத்துப் புண்ணோடு மாட்டை நுகத்திலே பூட்டிய கூலி வண்டிக்காரன். அவன் செய்ததும் கொடுமையே. ஆனால் அவனுக்கு மருந்து வாங்கக் காசில்லை. மாட்டை ஒரு நாள் ஓய்வாக விட்டால் அன்று அடுப்பு எரியாது. ரொஜர்ஸுக்கு அப்படி என்ன நெருக்கடி இருந்தது? இருவரையும் ஒரே தராசிலே நிறுக்க நம்மால் முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவிலே 12,000 யானைகள் வரை இருந்திருக்கும் என்பது அறிஞர் மதிப்பீடு. 2011இல் எண்ணியபோது 5879. தாயிழந்த குட்டிகளை வளர்க்க நமது கேகாலை மாவட்டத்துப் பின்னவலையிலே 1975இலும், உடவளவையிலே 1995இலும் இல்லங்கள் தோன்றின. 2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் ஆண்டுக்கு 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. இப்போது சுடுபவர் துரையல்லர். மின்கம்பி கட்டும் கமக்காரர், பழத்துக்குள்ளே ஹக்கபட்டாஸ் வைப்பவர். அதே ஆண்டுகளிலே யானை தாக்கி இறந்த மனிதரும் நூற்றுக்கு மேல்.

யானை இல்லாத நமது தோட்டங்களில் என்ன நடக்கிறது? 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றின் மரக்கறித் தோட்டத்திலே, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் செய்தும் சில நாட்களில் அது இறந்துபோயிற்று. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நாமும் மிக வருந்தினோம்.

அந்தச் செய்தியை எமக்கு வாசித்துக் காட்டியவர் எமது லயத்துப் பெரியப்பா ஒருவர். தினமும் காக்கைக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடுபவர். கார்த்திகையிலே விளக்கேற்றத் தவறாதவர். அவருடைய மரவள்ளிப் பாத்தியைச் சுற்றி நான்கு சுருக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்றிலே எமது நாய் அகப்பட்டு இரண்டு இரவுகள் கிடந்தது. கம்பியை வெட்டி எடுத்தபோது முன்கால் போய்விட்டது. பெரியப்பா தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். பிறகு கம்பியைச் சுருட்டி இறப்பிலே செருகி வைத்தார். எறியவில்லை. எறியும்படி சொல்ல எமக்கும் அன்று துணிவு வரவில்லை. பன்றி கிளறிய பாத்திக்கு நட்டஈடு கொடுப்பவர் எவருமில்லை என்பது எமக்கும் தெரியும். இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் அவரிடம் போய்க் கேட்பதென்று நாங்கள் நால்வர் தீர்மானித்திருக்கிறோம். பாத்திக்கு வேலி கட்ட மூங்கிலும் வெட்டி வைத்திருக்கிறோம்.