கப்பல் விட்டவர் கடை வைத்தார்!

வக்கீல் வீட்டுப் பிள்ளை வக்கீலானார். இதில் அதிசயம் இல்லை. ஓட்டப்பிடாரத்தில் 1872-ம் ஆண்டு பிறந்த சிதம்பரம் பிள்ளை, தகப்பனார் உலகநாத பிள்ளையின் தொழிலையே செய்தார். ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் வாதாடினார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார். அங்கும் நல்ல வருமானம். அப்படியே இருந்திருந்தால் மாடி வீடும் நிலபுலனுமாக வாழ்ந்திருப்பார்.

ஆனால் அவர் கண் துறைமுகத்தின் மீது விழுந்தது!

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல்கள்தான் ஓடின. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஊர் ஊராகப் பங்கு விற்றவர் வ.உ.சி.

கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டபோது, வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. உறவினர் தடுத்தனர். கேட்கவில்லை. 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது!

இங்கேதான் சிக்கல். கம்பெனி டைரக்டர்களுக்கு வியாபாரம் நடந்தால் போதும். வ.உ.சி. மேடை ஏறுவது பிடிக்கவில்லை. வியாபாரக் கணக்குப்படி அவர்கள் பயந்தது நியாயம்தான். வ.உ.சி.யோ 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். கூலி உயர்ந்தது. மார்ச் 12-ந்தேதி அவர் கைதானார்.

தண்டனை 40 ஆண்டு! அதைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. பிறகு தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் கோவைச் சிறையில் வக்கீல் கை செக்கு இழுத்தது. 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. கப்பல்கள் விலை போயின.

1912 டிசம்பரில் விடுதலை. வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு வாடகை வீடு. கப்பல் விட்டவர் மண்ணெண்ணெய் விற்றார். அந்த வியாபாரமும் நிலைக்கவில்லை. அத்தனைக்கும் நடுவே தொல்காப்பிய உரையையும், திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும் பதிப்பிக்கும் வேலையில் இறங்கினார். பசித்த வயிற்றோடு சுவடி பார்ப்பது எல்லோராலும் ஆகுமா?

தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. 1915-ல் அது பற்றிக் கடிதங்கள் போயின. முதலில் தயங்கினார். பணம் வேண்டாம் என்பது தனக்கும் குடும்பத்துக்கும் செய்யும் தவறாகும் என்று பிறகு ஒப்புக்கொண்டார். மறுநாளே வந்துவிடவில்லை, மாதக் கணக்கில் காத்திருந்தார். 1916-ல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா.

பின்னாளில் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. யாரை எதிர்த்தாரோ அந்த இனத்தவர் ஒருவர்! நன்றி மறவாமல் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். 1932-ல் மீண்டும் தூத்துக்குடிக்கு வந்தார்.

1936-ல் உடல் தளர்ந்தது. உயில் எழுதச் சொன்னார். சொத்துப் பட்டியலைவிட அதில் கடன் பட்டியல்தான் முக்கியம். ஜவுளிக் கடைக்கு, மளிகைக் கடைக்கு, எண்ணெய்க் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. நவம்பர் 18-ந்தேதி, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.