கேட்வேக்கு விதி எழுதிய தாடிக்காரர்: யார் இந்த ஜான் போஸ்டெல்?

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருந்து வில்பட்டிக்குப் போக பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், பக்கத்து ஊர்தான். ஆனால் மதுரைக்கோ சென்னைக்கோ போகணும்னா முதலில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாகணும். அட்டுவம்பட்டியில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகக் கணினிக்கும் இதே கதைதான். தன் நெட்வொர்க்குக்குள் இருக்கும் கணினியோடு நேராகப் பேசும். வெளியே போகும் தகவலை, செட்டிங்ஸில் 'டீஃபால்ட் கேட்வே' என்று கொடுத்திருக்கும் முகவரியிடம் ஒப்படைத்துவிடும். அந்த ஒரு எண் தப்பானால் பக்கத்து அறை பிரின்டர் ஓடும், கூகுள் திறக்காது.

இந்த விதிகளை 1981 செப்டம்பரில் ஆவணமாகத் தொகுத்தவர் ஜான் போஸ்டெல். இன்று ரவுட்டர் என்கிறோமே, அதற்கு அப்போது பெயரே கேட்வேதான். ஆர்எஃப்சி 791 ஐபி முகவரிக்கானது. அடுத்த எண்ணான 792, வழி கிடைக்காவிட்டால் கேட்வே என்ன பதில் அனுப்பணும் என்று சொல்கிறது. நெட் வரலைன்னா 'பிங்' அடிச்சுப் பார்க்கிறோமே, அதுவும் இதில் வந்ததுதான்.

1943-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். நீளத் தாடி, காலில் செருப்பு. பெயரைக் கேட்டால் தபால் துறை ஞாபகம் வரும். பார்த்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆர்பாநெட் காலத்தில் எந்த எண் யாருக்கு என்று குறித்து வைக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கே பின்னாளில் 'ஐயானா' ஆனது. டாட் இன் 1989-ல் இந்தியாவுக்கு வந்ததும் அந்தப் பதிவேட்டின் வழியேதான். எது நாடு, எது இல்லை என்ற சண்டைக்குள் அவர் போகவே இல்லை. ஐஎஸ்ஓ பட்டியலில் உள்ள இரண்டெழுத்துக் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்!

சிக்கல் 1998-ல் வந்தது. இணைய முகவரிகளின் தலைமைப் பட்டியல் அப்போது அமெரிக்க அரசு ஒப்பந்தம் கொடுத்த நிறுவனத்தின் கையில் இருந்தது. ஜனவரி 28 அன்று, இனி ஐயானா சர்வரிலிருந்து பட்டியலை எடுங்கள் என்று ரூட் சர்வர்களை நடத்துவோருக்கு போஸ்டெல் ஒரு மின்னஞ்சல் போட்டார். 8 சர்வர்கள் உடனே மாறின. உத்தரவு இல்லை, சட்டம் இல்லை. அவர் சொன்னார், செய்தார்கள். வெள்ளை மாளிகை பதறியது. சோதனைதான் செய்தேன் என்று சொல்லிப் பழைய நிலைக்குத் திருப்பினார். நம்பியவர்கள் எவ்வளவோ பேர். ஆனாலும் இவ்வளவு பெரிய சாவி தனி ஒருவர் கையில் இருக்கலாமா என்று அரசு கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்தப் பொறுப்புக்காக 'ஐகான்' அமைப்பு செப்டம்பர் 30-ல் பதிவானது. இரண்டே வாரத்தில், அக்டோபர் 16 அன்று, இதயக் கோளாறால் போஸ்டெல் இறந்தார். வயது 55. சுமார் 30 ஆண்டுகள் அவர் தொகுத்துவந்த ஆர்எஃப்சி வரிசையிலேயே அவருக்கான இரங்கல் குறிப்பும் வெளிவந்தது. எண் 2468.