மூன்று கழகங்களுக்கும் கோல் காத்த பீட்டர் தங்கராஜ்

தோட்டத் திடலில் மாலை வேளையில் பந்து உதைக்கும் பையனைத் தேடி ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் வந்து நின்றால், அவன் எதற்குப் போவது? புக்கிட் பெலண்டோக் போன்ற இடங்களில் பெற்றோரைக் குழப்பக்கூடிய கேள்வி இது. இந்தியாவின் புகழ்பெற்ற கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் தம் வாழ்க்கையில் இதைப் பலமுறை சந்தித்தவர்.

1935 டிசம்பர் 24ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்த அவர், செகந்தராபாத்தின் உள்ளூர்க் குழுக்களில் ஆடிப் பழகினார். 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் தொடக்கத்தில் அவர் கோல் அடிக்கும் ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காவலராக மாறினார். ஆறடியைத் தாண்டிய உயரமும் நீண்ட கைகளும் அவருக்குக் கைகொடுத்தன. அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கிண்ணத்தை வென்றது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்தியக் குழுவிலும், 1960 ரோம் ஒலிம்பிக் குழுவிலும் அவர் இருந்தார்.

ராணுவத்தை விட்டு வந்தவரைக் கல்கத்தா அழைத்தது. அங்கு மூன்று பெரிய கழகங்கள். 1889இல் தோன்றிய மோகன் பகான் மேற்கு வங்கத்தாரின் பெருமை. 1920இல் உருவான ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களின் சொந்த வீடு போன்றது. முகமதன் ஸ்போர்ட்டிங் முஸ்லிம்களின் கழகம். ஆண்டுதோறும் ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவம் வந்தால் ஊரே பரபரக்கும். எதிரணி தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க, கையெழுத்து விழும் வரை ஆட்டக்காரரைக் கழகத்தார் ஒளித்து வைப்பதும் உண்டு.

முழுநேரத் தொழில்முறை ஆட்டம் இல்லாத காலம் அது. பல ஆட்டக்காரர்களுக்கு ரயில்வே, துறைமுகம், வங்கி போன்ற இடங்களில் கிடைத்த வேலையே சோறு போட்டது. கோல் காவலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாக்குதல் ஆட்டக்காரருக்கு அணியில் பல இடங்கள். கோல் காவலருக்கோ ஒரே இடம். பெரிய கழகம் என்று போய்ச் சேர்ந்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்தால் பயனில்லை.

தங்கராஜ் முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு மோகன் பகான், அதன்பின் ஈஸ்ட் பெங்கால் என மூன்று கழகங்களுக்கும் கோல் காத்தார். கழகம் மாறுவதைத் துரோகமாகப் பார்த்த ஊரில் இது எளிதான காரியமல்ல. 1962 முதல் 1965 வரை தொடர்ந்து லீக் பட்டத்தை வென்ற மோகன் பகானின் வெற்றிப் பயணம் 1966இல் ஈஸ்ட் பெங்காலிடம் முடிந்தது. அப்போது அவர் ஈஸ்ட் பெங்கால் பக்கம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் காய்ச்சலால் படுத்துவிட, பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். ஆனால் இறுதி ஆட்டத்திற்குப் பயிற்றுநர் ரஹீம் தங்கராஜையே இறக்கினார். தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. நம் மெர்டேக்கா கிண்ணப் போட்டியிலும் அவர் காலத்து இந்திய அணி 1959, 1964 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் இடம் பெற்றது. 1967இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

ஓய்வுக்குப் பின் பயிற்றுநரானார். 2008 நவம்பர் 24ஆம் தேதி பொக்காரோவில் காலமானார்.

எந்தச் சட்டையைப் போட்டாலும் கோல் கம்பங்களுக்கு நடுவில் தமக்கென்று ஓர் இடம் வைத்திருந்தார் அவர். இரண்டு குழுக்கள் வாசலில் வந்து நிற்கும்போது, குழுவின் பெயரை மட்டும் பார்க்காமல், ஆட இடம் கிடைக்குமா, ஆட்டம் முடிந்த பிறகு பிழைக்க வழி இருக்குமா என்றும் நம் பிள்ளைகள் கேட்டறிவது நல்லது.